சும்மா கிடந்ததுக்கு

காலமை ஆறு மணி.
இன்னும் படுக்கையால எழும்பேல்லை.
மணிக்கூடு சொல்லுது: நானூற்றுப் பத்துக் கலோரி.
எதுக்கு?
குறட்டைக்கோ,
கனவில நாவற்குழிப் பாலத்தில
ஓட்டோ தள்ளினதுக்கோ?

சூரிச்சில இருந்து வந்த மச்சான்
திரும்பிப் போகேக்கை கழற்றித் தந்தது இது.
முதல் கிழமை எனக்குப் பெரிய பெருமை.
இரவு படுக்கேக்கை இரண்டாயிரத்துச் சொச்சம் காட்டும்.
ஸ்ராண்டில எல்லாருக்கும் கையை நீட்டினன்.
ஒரு றோல்ஸ் கூடவும் திண்டன்,
எரிச்சவன் தின்னலாம்தானே எண்டு.

அமலதாஸ்தான் உடைச்சவன்.
ஏ.எல்.லில கணக்குப் படிச்சவன், பொல்லாதவன்.
"அண்ணை, கீழ தட்டிப் பார்.
ஓடியாடினது நூற்றெண்பது.
மிச்சம் முழுக்க
நீ உயிரோட கிடந்ததுக்கு."

ஓட்டோக்காரனுக்கு இது விளங்காமல் போகுமே?
ஆஸ்பத்திரி வாசலில சவாரி பாத்து
ஸ்ராட்டில நிண்டாலும் பெற்றோல் குடிக்கும்,
ஓரடி நகராமல்.
தங்குவேலைக்காரர் மாதிரி
இதயம், ஈரல், மூளை
எனக்குத் தெரியாமல் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கினம்.

அந்த நூற்றெண்பதும் முழுக்க என்ர இல்லை.
நாவாந்துறை றோட்டுக் கிடங்குகள்
ஹாண்டில் வழியாக் கையைக் குலுக்க
அதையும் நடை எண்டு எழுதி வைச்சிருக்கு.
குலுங்கினது றோட்டால.
பேர் எனக்கு.

பிறகொரு இரவு
சார்ச் போட மேசையில கழற்றி வைச்சிட்டுப் படுத்தன்.
விடிய எடுத்துப் பாத்தால்
கையில்லாமலே எரிச்சிருக்கு,
மணிக்கு அறுபத்தெட்டு, பிசகாமல்.
அப்பதான் பிடிபட்டது,
அளக்கேல்லை அது, மட்டுக்கட்டுது.
வயது, உயரம், நிறை, ஆணோ பெண்ணோ,
இந்த நாலையும் கேட்டு வைச்சுக்கொண்டு
இப்பிடிப்பட்ட மனிசன்
இவ்வளவு செலவாவான் எண்டொரு கணக்கு.

நிறை எண்பத்து நாலை அழிச்சு
எழுபத்து நாலு எண்டு போட்டன்.
நாளுக்கு நூறு குறைஞ்சுது.
பத்துக் கிலோ, ஒரு விரலால.
வயிறு மட்டும் பழைய இடத்தில
ஹாண்டிலை முட்டிக்கொண்டு.
திரும்பவும் உண்மையைப் போட்டன்.

செவ்வாயும் வெள்ளியும் ஜெயவதனிக்கு மெஷின்.
நாலு மணித்தியாலம்.
இரண்டு குழாய், ஒண்டில போய் ஒண்டில வரும்.
நான் வாசலில சவாரிக்கு நிக்கிற நாளும் உண்டு,
இண்டைக்குப் பக்கத்திலேயே இருந்திட்டன்.

ஊசி ஏறாத கையில கட்டிவிட்டன் மணிக்கூட்டை.
கடைசி ஓட்டையிலும் தொளதொளத்தது.
லேஞ்சியை மடிச்சு அடியில வைச்சன்.
பச்சை வெளிச்சம் அவளின்ர தோலைத் தட்டிப் பாத்தது.

"இதில என்ன தெரியும்?"
"சும்மா கிடக்க எவ்வளவு முடியுது எண்டு."
கொஞ்ச நேரம் கூரையைப் பாத்தாள்.
"நான் சும்மாவே கிடக்கிறன்?"

பதில் இல்லை என்னட்டை.
மெஷின் சுத்துது.
அவளின்ர இரத்தம் வெளியில வந்து,
கண்ணாடிக் குழாய்க்குள்ள நடந்து,
கழுவுப்பட்டுத் திரும்பிப் போகுது.
இத்தனை அடி எண்டு
எந்த மணிக்கூடும் எண்ணேல்லை.

திரையில அறுபத்தெட்டு.
ஐயோ, அது நானெல்லோ.
போனை எடுத்து மாத்தத் தொடங்கினன்.
பெண்.
நாற்பத்தொன்பது.
ஐந்தடி.
நிறை?

வரேக்கை நாற்பத்தொன்பதரை.
மெஷின் தண்ணியை இழுத்து முடிய நாற்பத்தேழு.
வெள்ளிக்கிழமைக்குள்ள திரும்ப ஏறும்,
ஒரு மிடறு தேத்தண்ணியை அளந்து குடிச்சாலும்.

ஒரு எண் போடச் சொல்லுது.
எது அவள்?
வந்தவளோ, போறவளோ,
இடையில இப்ப
கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறவளோ?

பெட்டி வெறுமையா மினுங்குது.
அங்கால மிஸ்ஸி
தராசை இழுத்துக்கொண்டு வாறா,
அதின்ர ஒரு சில்லு கிரீச்சிட.